ஏசி பில்லில் கிலோவையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுச் சுற்றுலா முகவர் கேட்கிறார் என்று ஹோட்டலின் ஓராண்டுப் பச்சைவீட்டு வாயு உமிழ்வுக் கணக்கைச் சரிபார்ப்புக்குக் கொடுக்கப் புறப்படும் ஹோட்டல்காரர்கள் முதலில் தேடுவது எக்செல் தெரிந்த ஒருவரை. பெருக்கலில் பிழை வருவது அபூர்வம். சறுக்குவது பில் கட்டில்தான்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் உப்புக்காற்று ஏசியின் வெளிப்பெட்டியை அரித்துவிடும். காஸ் கசிவது வழமை. திருத்துநர் வந்து நிரப்பிவிட்டு, ‘காஸ் அடித்தது’ என்று ஒரு வரியும் ஒரு தொகையும் எழுதிக் கொடுப்பார். எந்தக் காஸ், எத்தனை கிலோ? சரிபார்ப்பவர் அதைத்தான் கேட்பார். ஏசியில் நிரப்பும் ஆர்-410ஏ என்ற காஸ் ஒரு கிலோ கசிந்தால் ஏறத்தாழ 2 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம்; 700 லீற்றருக்கு மேல் டீசல் எரித்த கணக்கு. ஜி.எச்.ஜி. புரொட்டோகோல் என்ற சர்வதேசக் கணக்கு முறையில் எடுத்தால், பழைய ஏசிகளின் காஸான ஆர்-22ஐ மொத்தத்தில் கூட்டக்கூடாது, தனியே காட்ட வேண்டும். அமோனியாவில் ஓடும் ஐஸ் ஆலைகளுக்கு இந்தத் தலையிடி இல்லை. அமோனியாவின் வெப்பமாக்கும் எண் பூச்சியம். அங்கே பெரிய கணக்கு மின்சாரம்தான்.

அடுத்தது டீசல். ஒரே பில்லில் கானில் வாங்கியது ஜெனரேட்டருக்கும் வானுக்கும் திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுக்கும் போகிறது. படகு ஒப்பந்தக்காரருடையது, ஓட்டுவதும் அவரே என்றால், அந்தப் பங்கு ஹோட்டலின் நேரடி உமிழ்வில் சேராது. மறைமுக உமிழ்வில் வரும். எது யாருடைய கட்டுப்பாட்டில் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். வாங்கியதெல்லாம் எரிந்ததுமல்ல. ஜனவரி 1 அன்று தாங்கியில் குச்சி விட்டு அளந்த இருப்போடு வாங்கியதைக் கூட்டி, டிசம்பர் 31 இருப்பைக் கழித்தால்தான் எரிந்த அளவு வரும். குச்சி அளவைத் திகதியோடு யாரும் குறித்து வைக்காததால் இந்தக் கணக்கு பல இடங்களில் ஊகமாகவே நிற்கிறது.

மின்பட்டியல் மாத நடுவில் முடியும். ஆகவே அதே இரு நாட்களிலும் மீற்றரைப் படமெடுத்து வையுங்கள். தவறினால் நாள் விகிதத்தில் பிரிக்கலாம், ஆனால் பிரித்த விதத்தை எழுத வேண்டும். கூரையில் சோலார் போட்டு நெற் மீற்றரிங்கில் (மின்வலைக்கு அனுப்பியதைப் பட்டியலில் கழிக்கும் முறையில்) இருப்போர், அனுப்பிய அலகைக் கழித்த மிச்சத்தைக் காட்டுகிறார்கள். அது பிழை. மின்வலையிலிருந்து எடுத்த அலகு முழுவதும் கணக்கில் வர வேண்டும். அதைப் பெருக்கும் காரணி, அதாவது ஓர் அலகு மின்சாரத்துக்கு எவ்வளவு காபனீரொட்சைட்டு என்ற எண், இலங்கைக்குரியதாகவும் அந்தந்த ஆண்டுக்குரியதாகவும் இருக்கட்டும். மழை ஆண்டில் நீர்மின், வறட்சியில் நுரைச்சோலை நிலக்கரி என்று அது மாறும். இணையத்தில் கிடைத்த இந்தியத் தாளை அப்படியே ஒட்டி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

சரிபார்ப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 14064-3 படி வருபவர் இறுதித் தொகையிலிருந்து பின்னோக்கி நடப்பார்: தொகை, எக்செல் கட்டம், பதிவேடு, பில். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் திருத்தக் கோரிக்கை வரும். அவர் வருமுன், கணக்கைத் தயாரிக்காத ஒருவரை வைத்து ஏதாவது ஒரு மாதத்தை இப்படி நடந்து பார்க்கச் சொல்லுங்கள். கணக்கைத் தயாரித்துத் தந்த ஆலோசகரையே சரிபார்க்கவும் அழைப்பது செல்லாது.

எங்கள் ஊர் ஏசி திருத்துநர்களிடம் ஒரு வேண்டுகோள்: நிரப்புமுன்னும் பின்னும் சிலிண்டரை எடைபோட்டு, காஸின் பெயர், கிலோ, அறை இலக்கம் மூன்றையும் பில்லில் எழுதுங்கள்.

வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை