சூழல் கல்விக்கு ஓராண்டுக் காலமும் உரிய ஊதியமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் வெளியான மரக்கன்று நடுவிழாப் படங்களைப் பார்த்தபின் இக்கடிதத்தை எழுதுகிறேன். திண்டுக்கல் மாவட்டம் வடமதுரை, அய்யலூர் பகுதியிலும் அதை ஒட்டிய கரூர் மாவட்டக் கடவூர் பகுதியிலும் ஒன்பது ஆண்டுகளாகச் சூழல் கல்விப் பணி செய்துவருகிறேன். எந்த அரசுத் துறையிலும் தொண்டு நிறுவனத்திலும் நான் ஊழியர் அல்ல. பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் நானாகச் சென்று, அங்குள்ள காட்டையும் குளத்தையும் அவற்றை நம்பியிருக்கும் உயிர்களையும் பற்றிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கற்பிக்கிறேன்; அதில் கிடைக்கும் மதிப்பூதியத்தைக் கொண்டே என் குடும்பம் நடக்கிறது. என்னைப் போல் தனித்து இயங்குபவர்கள் வேறு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். எங்கள் பணியை ஒரு நாள் விழாவாகவும் கூலியில்லாச் சேவையாகவும் பார்க்கும் பழக்கத்தால் அந்தக் கல்வியே பாழாகிறது என்பதைத் தங்கள் வாசகர்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

எங்கள் பகுதியின் சிறப்பு தேவாங்கு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் சாம்பல் நிறத் தேவாங்குக்காக, 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம், கடவூர் ஆகிய வட்டங்களில் 11,806 ஹெக்டேர் வனப்பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்த உயிருக்கென்று நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அது. ஆனால் தேவாங்குகள் சரணாலயத்துக்குள் மட்டும் வாழ்வதில்லை. தோட்டத்து வேலியிலும் சாலையோரப் புளிய மரத்திலும் கோயில் தோப்பிலும் வாழ்கின்றன. ஏறத்தாழ கால் கிலோவே எடையுள்ள, வாலில்லாத, இரவில் நடமாடும் இந்த உயிர் குரங்கைப் போல் மரத்துக்கு மரம் தாவாது; கிளையைப் பற்றிப் பற்றியே நகரும். கிளைகள் ஒன்றையொன்று தொடாத இடத்தில் அது தரைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. தரையில் அது நாய்க்கோ வாகனத்துக்கோ எளிதில் பலியாகிவிடுகிறது. ஆகவே ஜூன் மாதம் நடும் கன்றுகளைக் காட்டிலும், கிளையோடு கிளை கோத்து நிற்கும் முதிர்ந்த மரங்களும் இடையில் அறுபடாத உயிர்வேலிகளுமே அதற்கு இன்றியமையாதவை. இதை ஒரு மேடையில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். வேலியை வெட்ட அரிவாளோடு நிற்பவர் ஒரு கணம் யோசிப்பதற்கு அந்த இரண்டு நிமிடம் போதாது.

ஏனென்றால், தேவாங்கைப் பற்றி ஊரார் ஏற்கெனவே நெடுங்காலமாக ஒன்றைக் கற்றிருக்கிறார்கள். விடிந்ததும் அதன் முகத்தில் விழித்தால் ஆகாது என்பார்கள். மாந்திரீகத்துக்கு வேண்டும் என்று அதைப் பிடித்தவர்களும் உண்டு. மெலிந்த பிள்ளையைத் திட்டுவதற்கு அதன் பெயரையே சொல்வார்கள். ஓர் ஊரின் நடுநிலைப் பள்ளியில் நான் முதல்முறை அந்தப் பெயரை உச்சரித்தபோது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் கடைசி வரிசையில் இருந்த ஒல்லியான சிறுமி ஒருத்தியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. அன்று கொண்டுபோயிருந்த படங்களை எடுத்துவைத்துவிட்டு, அவரவர் தோட்டத்தில் என்னென்ன மரங்கள் நிற்கின்றன என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பினேன். தேவாங்கைப் பற்றி அந்த வகுப்பில் நான் பேசத் தொடங்கியது மூன்றாவது சந்திப்பில்தான்.

ஐந்தாவது சந்திப்பு மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. பெற்றோரும் பிள்ளைகளுமாக 23 பேர் வந்திருந்தார்கள். வெள்ளை ஒளி தேவாங்கின் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், டார்ச் விளக்குகளின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தோம். ஊர் எல்லையிலுள்ள புளிய மரத்தடியில் சாக்கு விரித்து மல்லாந்து படுத்து முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு, உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கிளையில், ஊதிவிட்ட கங்குகள் போல இரண்டு கண்கள் ஒளிர்ந்தன. ஒரு கையை நீட்டிக் கிளையைப் பற்றி, அந்தப் பிடி உறுதியான பின்பே காலை எடுத்து வைத்து, இலைகூட அசையாமல் அது நகர்ந்து வந்தது. வந்து, இலைக்கொத்தில் இருந்த பூச்சி ஒன்றைச் சட்டென்று பிடித்துத் தின்றது. பேத்திக்குத் துணையாக வந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து உட்கார்ந்து, "பச்சப்புள்ள கையாட்டம்ல இருக்கு" என்றார். முதலில், அதைத் தேடிக்கொண்டு இருட்டில் போவதா என்று பேத்தியைத் தடுத்தவர் அவர். சில மாதங்கள் கழித்து அவர்கள் தோட்டத்தில் பழைய உயிர்வேலியை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டலாம் என்று பேச்சு வந்தபோது, வேண்டாம் என்று மறுத்தவரும் அவரே.

அந்த வேலியைப் பற்றி எனக்குக் கற்பித்தவர்கள் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள். கிளுவை மரத்தின் கிளைத்துண்டுகளான போத்துகளை நெருக்கி ஊன்றினால் தண்ணீர் ஊற்றாமலே துளிர்த்துவிடும், அதன்மேல் பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறினால் பாம்பு முதல் குருவி வரை எதுவும் தங்கும் என்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அவர்கள் சொன்னதை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. அதைவிட மதிப்புள்ள செய்தி ஒன்றை நூற்பாலைக்குச் செல்லும் பெண்கள் தந்தார்கள். விடியுமுன் ஷிப்டுக்கு வேன் ஏற நிற்பவர்கள் அவர்கள். இரவில் அடிபட்ட தேவாங்கு எந்த வளைவில், எந்த மரத்துக்கு நேராகக் கிடக்கிறது என்று, காக்கைகள் வந்து கொத்தித் தூக்கிப்போகும் முன் பார்ப்பவர்களும் அவர்கள்தாம். அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் ஒரு சார்ட் அட்டையில் குறித்து வைத்தார்கள். குறிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை சாலையோர மரங்கள் வெட்டப்பட்டுக் கிளைத் தொடர்ச்சி அறுந்த இடங்களாக இருந்தன. வார விடுமுறை நாளில் வாசலில் உட்கார்ந்து பேசும் பழக்கம் எனக்கும் அவர்களுக்கும் ஏற்பட ஓராண்டு பிடித்தது. அதன்பின்தான் அந்த அட்டை உருவானது.

இப்படி ஓர் ஊருக்கு ஆண்டில் குறைந்தது எட்டுப் பத்து முறை போக வேண்டும். எனக்கு வரும் அழைப்புகளோ பெரும்பாலும் ஜூன் முதல் வாரத்தில் வருகின்றன. ஒரே நாளில் ஐந்து பள்ளிகள் அழைத்த ஆண்டும் உண்டு. ஜூலை பிறந்தால் தொலைபேசி ஓய்ந்துவிடும். ஊதியத்தைப் பொறுத்தவரை நிலைமை இதனினும் வருத்தமானது. சில ஆண்டுகளுக்கு முன் தனியார் பள்ளி ஒன்று, நான்கு வகுப்புகளுக்கு 6,000 ரூபாய் என்று பேசி அழைத்தது. நான்கும் முடிந்த நாளில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுத்தார்கள். தொகையைப் பற்றி நான் நினைவூட்டியபோது, "சேவை மனப்பான்மை உள்ளவர் என்றல்லவா நினைத்தோம்" என்று பதில் வந்தது. பொன்னாடையை அன்போடு போர்த்துகிறவர்களின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதே பள்ளியில் ஆண்டுவிழா நடனப் பயிற்சியாளருக்கும் ஒலிபெருக்கி அமைத்தவருக்கும் பேசிய கூலி கிடைக்கிறது, அது நியாயமும்கூட. மரத்தையும் மண்ணையும் பற்றிக் கற்பிக்கிறவர் மட்டும் கூலி கேட்டால், அவருடைய பற்று ஏன் ஐயத்துக்கு உரியதாகிவிடுகிறது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என்னோடு இப்பணியைத் தொடங்கிய நண்பர் ஒருவர், குரல் கேட்டே பறவையின் பெயர் சொல்லக்கூடியவர். இரண்டாவது பிள்ளை பிறந்த ஆண்டில் அவர் திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்குப் போய்விட்டார். இந்த மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த அவருக்குத் தெரிந்தவற்றை வெளியூரிலிருந்து வரும் எந்த வல்லுநராலும் ஒரே நாளில் ஈடுசெய்ய முடியாது. சேவைக்கு மட்டுமே இடம் உண்டு என்றால், வேறு வருமானம் உள்ளவர்கள் மட்டுமே இதில் நிலைக்க முடியும். உள்ளூர் ஏழை வீட்டுப் பிள்ளைகள் இதை ஒரு வேலையாக நினைத்துப் பார்க்கவே முடியாது.

தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நாடலாமே என்று நலம்விரும்பிகள் சொல்கிறார்கள். அதையும் முயன்றேன். ஒரு நிறுவனம் பத்துப் பள்ளிகளுக்கான முழுச் செலவையும் ஏற்க முன்வந்தது. நிலத்தடி நீரைப் பற்றியும் கழிவுநீரைப் பற்றியும் வகுப்பில் பேசக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. கிணற்றில் தண்ணீர் ஏன் குறைகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் நான் என்ன சொல்வது? மறுத்துவிட்டேன். எல்லா நிறுவனங்களும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆயினும், தனித்து இயங்குவதால் எனக்குள்ள ஒரே வலிமை, ஊரில் யாரும் கேட்கும் எந்தக் கேள்விக்கும் எனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்ல முடிவதுதான். அந்த வலிமை கெடாமல் இருக்க வேண்டுமானால் இக்கல்விக்கான செலவைப் பொதுப்பணமே ஏற்க வேண்டும்.

இதற்குச் சட்டமும் வழியும் ஏற்கெனவே உள்ளன. 1991 நவம்பர் 22 அன்று சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, திரையரங்குகளில் சுற்றுச்சூழல் செய்திகளைக் காட்டுவது முதல் பள்ளி, கல்லூரிகளில் அதைக் கட்டாயப் பாடமாக்குவது வரை பேசியது. ஒன்றிய, மாநில அரசுகள் நிதி பகிரும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் நெறிமுறைகளின்படி இளைஞர் மற்றும் சூழல் மன்றங்களுக்காக ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரையிலும், நடுநிலைப் பள்ளிக்கு 15,000 வரையிலும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 வரையிலும் ஒதுக்க இடமுண்டு. ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான பங்கை விடுவிப்பதில் 2024-25இல் ஏற்பட்ட இழுபறியால் பள்ளிகள் பட்ட பாட்டை அறிவேன். எனினும் நிதி வந்த ஆண்டுகளிலும் நான் கண்ட பள்ளிகளில் அது பதாகைக்கும் பூந்தொட்டிக்கும் பரிசுக் கோப்பைக்குமே செலவானது. மார்ச் முடிவதற்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று அனுப்ப வேண்டிய தலைமையாசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். பூந்தொட்டிக்குக் கடை ரசீது கிடைக்கிறது. எட்டு மாத காலம் ஒருவர் வந்து கற்பித்ததற்கு எந்தத் தலைப்பில் தொகை வழங்குவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஊராட்சிகளின் நிலையும் இதுவே. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உள்ளூர் மக்களோடு கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அக்குழுவின் முதன்மையான வேலை. எங்கள் பகுதியில் ஓர் ஊராட்சியின் பதிவேட்டைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் இரண்டே நாளில் நிரப்பிய ஏடு அது. அதில் தேவாங்கு இல்லை, கிளுவையும் இல்லை. நூறு நாள் வேலைக்கு வந்த அந்தப் பெண்களிடம் ஒரு பிற்பகல் கேட்டிருந்தால் இரண்டும் இடம்பெற்றிருக்கும்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக வேண்டுவது இது. தனித்து இயங்கும் சூழல் கல்வியாளர்களை மாவட்ட அளவில் தேர்ந்து, அவர்கள் களத்தில் செய்ததைப் பார்த்து, ஒரு பட்டியல் வெளியிட வேண்டும். ஒரு கருத்தாளருக்கு மூன்று அல்லது நான்கு ஊர்கள் என ஓராண்டுக்கு ஒப்படைத்து, வருகைக்கு இவ்வளவு என்று ஊதியத்தையும் அதை எந்தத் தலைப்பில் வழங்குவது என்பதையும் ஆணையில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். வெளியாட்கள் பள்ளிக்குள் வந்து பேசுவதற்குக் கட்டுப்பாடு தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிள்ளைகளின் பாதுகாப்பே முதன்மை. காவல் துறைச் சரிபார்ப்பையும் பாடப்பொருள் ஒப்புதலையும் ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை கண்டிப்பாகச் செய்துவிட்டால், ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியே அனுமதிக் கடிதத்துக்கு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்காது. வேலை நடந்ததா என்று யார் பார்ப்பது என்ற கேள்வி எழும். ஆண்டுக்கு 6 முறை கிராமசபை கூடுகிறது. அவற்றுள் இரண்டிலாவது அந்தக் கல்வியாளர் எழுந்து நின்று, செய்ததையும் செய்ய முடியாததையும் ஊர்முன் சொல்லட்டும். பிள்ளைகள் தம் குறிப்பேடுகளைக் காட்டட்டும். ஊர் ஏற்றுக்கொண்ட பிறகு அடுத்த தவணையை வழங்கலாம். அப்படிப்பட்ட கணக்கு ஒப்பித்தலுக்கு நான் மனமார உடன்படுகிறேன்.

வரும் ஆகஸ்ட் 15 கிராமசபையில், சாலையோர மரத்தை வெட்டுவதற்கு முன் கிளைத் தொடர்ச்சி அறுபடுமா என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற தீர்மானத்தை முன்வைக்க, மேலே குறிப்பிட்ட நூற்பாலைப் பெண்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அன்று அவர்களில் சிலருக்குக் காலை ஷிப்டு இருக்கிறது; மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வரைந்த சார்ட் அட்டை இப்போது அவ்வூர்ப் பள்ளித் தலைமையாசிரியரின் அறையில் இருக்கிறது. தங்கள் செய்தியாளர் ஒருவர் அன்று வந்தால், அந்தப் பெண்களே அதைக் காட்டி ஒவ்வொரு குறியையும் விளக்குவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சூழல் கல்விக் கருத்தாளர்,
வடமதுரை, திண்டுக்கல் மாவட்டம்.