எண்ணிக்கைக்காக ஆய்வா?

ஐயா,
கல்லூரி ஆசிரியர்கள் ஆய்வில் அக்கறை காட்டுவதில்லை என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு பதவி உயர்வுக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்ததும், எத்தனை கட்டுரை என்பதே கேள்வியாகிவிட்டது. காசு கட்டினால் அச்சேற்றும் இதழ்கள் பெருகின. அவற்றை வடிகட்ட வந்த, தரமான இதழ்களின் 'கேர்' பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது.

ஆர்வத்துக்குக் குறைவில்லை. எங்கள் துறையின் இளம் ஆசிரியை ஒருவர் வாரம் 16 மணி நேர வகுப்பு, விடைத்தாள், கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான 'நாக்' கோப்பு எல்லாம் முடித்து, மாலையில் ஏரித் தண்ணீரைச் சோதிக்கிறார். வேதிப்பொருள் வாங்குவது சொந்தச் சம்பளத்தில். பதவி உயர்வும் வேண்டியதுதான், சரி. ஆனால் வாரத்தில் ஒரு நாள் வகுப்பில்லாமல் விட்டு, சிறு நிதியும் கொடுத்தால் இவர் எவ்வளவோ செய்வார். வரும் கல்வியாண்டிலேயே நிர்வாகங்கள் இதைத் தொடங்க வேண்டும்.

– கல்லூரி ஆசிரியர், திருச்சி