ஆட்டோ அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

அப்பா நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார். கடந்த ஐந்து வாரம் எப்படிப் போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பாதி நாள் நீங்களும் கூடவே இருந்தீர்கள். ரத்தம் கொடுத்தவர்கள், எனக்குப் பதிலாக ராத்திரி வராண்டாவில் படுத்தவர்கள், தினமும் ரசமும் குழைந்த சாதமும் அனுப்பிய எதிர்வீட்டு மாமி, லீவு போட்டபோது ஒரு கேள்வியும் கேட்காத ஆபீஸ் நண்பர்கள், வார்டு நர்ஸ்கள் எல்லாருக்கும் நன்றி. நேரில் வந்து சொல்கிறேன், கொஞ்சம் தூங்கி எழுந்துவிட்டு.

இப்போது எழுத உட்கார்ந்தது ஓர் ஆட்டோ ஓட்டுநருக்காக. பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை, என் தப்புதான்.

வாயில் எதையுமே வைக்க மறுத்த அப்பா திடீரென்று கேக் கேட்டார். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்தபோது ஆங்கிலோ இந்திய ஃபோர்மேன் கிறிஸ்துமஸுக்குக் கொடுப்பாரே, அந்தக் கறுப்புக் கேக். ஒரு வாய் கொடுக்கலாம் என்றார் டாக்டர். ஆடி மாசத்தில் பிளம் கேக்குக்கு எங்கே போவது?

எழும்பூர், புரசைவாக்கம், வேப்பேரி என்று கடை கடையாக ஏறி, ஒவ்வொரு துண்டு வாங்கினேன். எனக்கோ ஆஸ்பத்திரி ஏசியில் மூக்கடைத்து, எதைத் தின்றாலும் மரத்தூள் மாதிரி இருந்தது. மூன்றாவது கடை வாசலில் நான் முழிப்பதைப் பார்த்து அண்ணன் கையை நீட்டினார். "இப்படிக் குடும்மா, நான் பாக்கறேன்." வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "டால்டா." அடுத்த கடை: "பழமே இல்ல, வெறும் டூட்டி ஃப்ரூட்டி. பப்பாளிக்காம்மா அது." அதற்கடுத்தது: "கோகோ போட்டுக் கறுப்பாக்கியிருக்கான். சர்க்கரையை இல்ல கருக்கி ஊத்தணும்!"

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். அவர் அம்மா பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் வேலை பார்த்தவராம். டிசம்பர் வந்தால் அங்கே மாவைக் கலந்து தகர டின்னில் ஊற்றித் தருவார்கள். இவர் அதைத் தலையில் சுமந்துபோய் பேக்கரி அடுப்பில் வேகவைத்து வாங்கிவருவாராம். "உங்கப்பா தின்னது கடை கேக்கே இல்லம்மா" என்று வண்டியைப் பெரம்பூருக்குத் திருப்பினார்.

அங்கே ஒரு சந்தில், ஆர்டருக்கு மட்டும் கேக் செய்யும் வயதான அம்மா ஒருவர். அன்றைக்குக் கல்யாண கேக் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தார். ஐசிங் பூச வாகாக மேலே உப்பியிருந்ததைச் சீவி எடுத்த துண்டுகள் தட்டில் கிடந்தன. அவற்றைப் பொட்டலம் கட்டித் தந்தார். "சீவிப்போட்டதுக்குக் காசா?" என்று வாங்கவே இல்லை. அண்ணன் முகர்ந்து பார்த்து "ரம்" என்று சிரித்தார். (டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை.) ஆனால் வாயில் போடவில்லை. "அய்யாவுக்குப் பத்தாமப் போயிடும்."

மீட்டருக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. "அய்யா இன்னா சொல்றாருன்னு கேட்டுட்டுப் போறேன்" என்று வாசலிலேயே நின்றார். நான் இறங்கி வருவதற்குள் செக்யூரிட்டி வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார் போல.

டிசம்பரில் அந்த அம்மாவிடம் முறையாக ஆர்டர் கொடுத்து, வார்டுக்கு ஒன்று, பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஒன்று என்று கொண்டுபோகப் போகிறேன். அதுவரை பொறுக்க முடியாது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, இரண்டாவது துண்டுக்குக் கையை நீட்டிக்கொண்டே அப்பா சொன்னார்: "சர்க்கரையை இன்னும் கொஞ்சம் கருக்கியிருக்கலாம்."