என் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்ட மிஸ்ஸுக்கு

அன்புடையீர்,

போன வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகப் பீடச் சபையில் எங்கள் துறையின் பரீட்சை விடயம் ஒருவழியாகத் தீர்ந்தது. என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்ல மனமில்லை. படபடப்பு அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

விரிவுரையாளராகச் சேரும்போது கற்பிக்கப் பயிற்சி தருகிறார்கள். அதை முடித்தால்தான் நியமனம் உறுதியாகும். துறைத்தலைவர் பதவிக்கு எனக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று வருடம் என்று பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் பேரவையின் நியமனக் கடிதம் வந்தது, மறுநாள் காலை மேசை நிறையக் கோப்புகள். அவ்வளவுதான்.

எனக்கு வழிகாட்டியாக வாய்த்தவர், முன்பு பீடாதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற பேராசிரியை. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் மிஸ் என்றே எழுதுகிறேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அவர் வீடு. இந்தப் பிரச்சினை தொடங்கி ஒரு மாதமானபின், ஒருநாள் மாலை பதவி விலகல் கடிதத்தோடுதான் அங்கே போனேன். கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். இரண்டாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார்.

"இது என்னட்ட இருக்கட்டும் பிள்ளை. மூண்டு மாசம் கழிச்சும் வேணுமெண்டா வந்து வாங்கும்."

பிறகு பிளேன்டீ வந்தது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தை எடுத்து விரித்தார். ஓரமெல்லாம் நைந்துபோன பிரதி. பரீட்சை விடயங்கள், பல்கலைக்கழகத்தின் கல்வி விடயங்களைப் பார்க்கும் மூதவையின் பொறுப்பில் வருபவை என்று விரல் வைத்துக் காட்டினார். "இதை உம்மட தலையில மட்டும் ஏன் தூக்கி வைக்கிறீர்?" ஒரு மாதமாக என் நித்திரையைக் கெடுத்த விடயம் அதுதான். அன்றிரவு தூங்கினேன்.

அதன்பின் எத்தனை தடவை தொலைபேசியில் அழைத்திருப்பேன்! இதைச் செய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "ஆரோட முதல்ல கதைச்சீர்?" என்று மட்டும் கேட்பார். எதிர்த்துப் பேசக்கூடியவரைக் கூட்டத்துக்கு முதல் நாளே அறையில் போய்ப் பார்க்கும் பழக்கம் அந்தக் கேள்வியால் வந்தது.

என் பாடங்களைப் பகிர்ந்து எடுத்த சக விரிவுரையாளர்கள், இரவு ஏழு மணி வரை நின்று கோப்புகளைத் தேடித் தந்த அலுவலக ஊழியர்கள், பொறுமை காத்த மாணவர்கள், வீட்டில் சமையலைப் பார்த்துக்கொண்ட அம்மா, எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. எனக்குப் பிறகு இந்தக் கதிரைக்கு வரக்கூடிய இளையவர்களுக்கு இப்போதிருந்தே பீடச் சபை அறிக்கைகளை வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். என்னைப்போல அவர்கள் வெறுங்கையோடு வந்து உட்காரக்கூடாது.

சனிக்கிழமை மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். கேட்காமலே கடிதத்தை எடுத்துத் தந்தார். பின்பக்கம் முழுவதும் பென்சில் எழுத்து. நான் அழைத்த ஒவ்வொரு நாளின் திகதி, அன்றைய பிரச்சினை, பக்கத்தில் "முடிந்தது". கடைசியில் வெள்ளிக்கிழமைத் திகதி மட்டும் இருந்தது. பக்கத்தில் அந்த ஒரு சொல்லை எழுதும்படி பென்சிலை என் கையில் தந்தார்.

நன்றியுடன்,
துறைத்தலைவர் ஒருவர்
கொழும்பு