கம்பளியை வாசலுக்குக் கொண்டுபோங்கள்

மரியாதைக்குரிய ஆயர் அவர்களுக்கும் சேகரக் கமிட்டியாருக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன புதன்கிழமை சபை மண்டபத்தில் நடந்த கம்பளி வழங்கும் விழாவில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். பத்து மணிக்கு வரச்சொன்னீர்கள்; சிறப்பு விருந்தினர் வந்து சேரப் பன்னிரண்டரை ஆயிற்று. கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் புதன்கிழமை வேலை நாள். டோக்கனோடு வரிசையில் நின்று, போட்டோவுக்கு முகம் காட்டிவிட்டு இறங்கியவர்களுக்கு அன்றைய கூலி போயிற்று. ஒரு நாள் கூலி கொடுத்து அந்தக் கம்பளியை அவர்கள் வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கம்பளியாவது உருப்படியா? ஓரத்தை இரண்டு விரலால் இழுத்தால் பஞ்சு கையோடு வருகிறது. டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரிகிறது. பழந்துணியைக் கிழித்து நூற்ற ரகம், எடை ஒரு கிலோ தேறாது. இந்த மூடுபனியில் ஒருமுறை துவைத்துப் போட்டால் நாலு நாளானாலும் காயாது, பிறகு வாடைதான். உறைபனி இரவுக்கு இரண்டு கிலோவுக்குக் குறையாத, நெருக்கமான நெசவு வேண்டும். அதுவும் மேலே போர்த்த மட்டும்தான் ஆகும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் பலருக்குப் படுக்கை சிமெண்டுத் தரை. உடம்பின் கனத்தில் அடியில் கிடக்கும் கம்பளி நசுங்கி, உள்ளே இருக்கிற காற்று வெளியேறிவிடும். காற்று போனால் சூடும் போயிற்று. கோரைப்பாய் ஈரத்தை இழுக்கும். கம்பளியோடு தரைக்கு ஒரு ஃபோம் விரிப்பும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

குளிர் தாங்காதவர்கள் கரிச்சட்டியை உள்ளே வைத்து, கதவிடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டுப் படுக்கிறார்கள். புகையில்லாத கனல்தானே என்ற தைரியம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. மெல்லிய கம்பளி இந்தச் சட்டியில் கொண்டுபோய் விடும் என்பதை யாராவது மேடையில் சொன்னீர்களா?

மார்கழி முடியப் போகிற நேரத்தில் கொடுத்ததும் தப்பு. உறைபனி நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை இழக்கும்; குளிர்ந்த காற்று கனமானதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் விடியும்போது புல் வெளுத்துக் கிடப்பது இதனால்தான். ஆகவே ஓடையோரப் பள்ளத்து லைன்களுக்கு முதலில் போக வேண்டும். அகர வரிசையில் பெயர் எழுதி மைக்கில் கூப்பிட்டால் இதெல்லாம் தெரியாது.

கேட்பது ஒன்றுதான். நவம்பர் முதல் வாரத்துக்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், கம்பளியை அவரவர் வாசலுக்கே கொண்டுபோய், படம் எடுக்காமல் கொடுங்கள்.

வண்டி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கேரல் ரவுண்ட்ஸுக்கு நள்ளிரவிலும் வண்டி கிடைக்கிறது, டிரம்ஸ் கிடைக்கிறது, காணிக்கைப் பெட்டி வீடு தவறாமல் நுழைகிறது. வாங்கப் போகும்போது தெரிகிற வழி, கொடுக்கப் போகும்போது மறந்துவிடுமோ? கேத்தியில் இருந்த பாசல் மிஷன் மிஷனரி மெட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் படகர் ஊர்களுக்கு ஹட்டி ஹட்டியாக ஏறி இறங்கினார். நமக்குத் தார் ரோடு இருக்கிறது, ஜீப்பும் இருக்கிறது.

பிளெக்ஸில் 'நீ ஆசீர்வாதமாய் இருப்பாய்' என்று ஆதியாகமம் 12:2 போட்டிருந்தீர்கள், கீழே கமிட்டியாரின் முகங்கள். முந்திய வசனத்தையும் படியுங்கள்: ஆபிராமிடம் கர்த்தர் முதலில் சொன்னது புறப்பட்டுப் போகச் சொல்லித்தான். யாரையும் மண்டபத்துக்கு வரவழைக்கச் சொல்லவில்லை. 'குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று வாயால் அனுப்பிவைப்பதைப் பற்றி யாக்கோபு 2:16 சொல்வதை நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிரசங்கத்தில் நீங்களே பலமுறை சொன்னது.

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்கிறோம். ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு கம்பளியை வாங்கி, தராசில் வைத்து, ஒருமுறை துவைத்துப் பாருங்கள். பள்ளத்து லைன்களின் பட்டியலை நாங்கள் தருகிறோம், சுமக்கவும் வருகிறோம். வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதென்று நீங்கள் முடிவெடுத்தால் போதும்.

கிறிஸ்துவுக்குள்,
சபையார் சிலர்