தைராய்டுக்கு சாப்பாடு பத்தி எழுதுங்க, ஆனா மாத்திரையை விட்டுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல ஆரோக்கியப் பக்கத்துல உணவு மூலமாவே தைராய்டை சரி பண்ணிடலாம்னு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு, அதை ரெண்டு தடவை படிச்சேன். காய்கறி, நடை, தூக்கம்னு அதுல சொன்னது எல்லாம் நல்ல விஷயம்தான், அதுல எனக்கு எந்த சண்டையும் இல்ல. ஆனா கட்டுரை முழுக்க தேடியும் மாத்திரைங்கிற வார்த்தையே இல்ல. நான் பதினோரு வருஷமா கம்மியா சுரக்கிற தைராய்டோட வாழுறவ. அதைப் படிச்சிட்டு மாத்திரை டப்பாவை ஓரமா தூக்கி வைக்கப்போற ஒருத்தரையாவது தடுக்கணும்னுதான் இதை எழுதுறேன், ஏன்னா நானே ஒரு காலத்துல அப்படி தூக்கி வெச்சவதான்.

நோய் தெரிஞ்சு மூணாவது வருஷம் அது. ஆயுசு முழுக்க மாத்திரையான்னு ஒரு பயம், அந்த நேரம் பார்த்து ஒரு உணவு ஆலோசகர் ஆறே மாசத்துல மாத்திரை இல்லாம பண்ணிடலாம்னு சொன்னாரு, நம்பி நிறுத்திட்டேன். முதல் மூணு வாரம் ஒண்ணுமே ஆகல. அதுதான் இதுல இருக்கிற ஆபத்தே. மாத்திரையில இருக்கிற தைராக்ஸின்ங்கிற தைராய்டு ஹார்மோன் உடம்புல இருந்து பாதியா குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகுமாம், அப்புறம் மிச்சத்துல பாதி குறைய இன்னொரு வாரம், அதனால நிறுத்தின உடனே எதுவும் தெரியாது, நானும் புது டயட் வேலை செய்யுதுன்னு சந்தோஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். ரெண்டு மாசம் தாண்டினப்ப மத்தவங்க வேர்க்குதுன்னு சொல்ற அறையில எனக்கு குளிருது, குரல் கரகரன்னு ஆயிடுச்சு, காலைல எழுந்தா கண்ணைச் சுத்தி வீக்கம், மலச்சிக்கல், பேசிட்டிருக்கும்போதே வார்த்தை வாய்க்கு வராம நின்னுடும். வீட்டுல சோம்பேறித்தனம்னு நினைச்சாங்க, நானும் அப்படியே நினைச்சு என்னையே திட்டிக்கிட்டேன். டெஸ்ட் எடுத்தப்ப டிஎஸ்எச் (தைராய்டை சுரக்கச் சொல்லி மூளைக்கு அடியில இருந்து வர்ற ஹார்மோன், தைராய்டு குறைஞ்சா இது ஏறும்) 60ஐ தாண்டியிருந்துச்சு, பொதுவா லேப் சீட்டுல 0.4ல இருந்து 4 வரைக்கும்னு போட்டிருப்பாங்க இல்லையா, அது. கெட்ட கொலஸ்ட்ராலும் கூடவே ஏறியிருந்துச்சு.

அப்ப என் டாக்டர் பொறுமையா சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு தெளிவு குடுத்துச்சு. எனக்கு இருக்கிறது ஹாஷிமோட்டோ வகை, 1912ல ஹக்காரு ஹாஷிமோட்டோன்னு ஒரு ஜப்பான் டாக்டர் முதல்ல விவரிச்சதால அந்தப் பேரு. நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே கழுத்துல இருக்கிற அந்த சுரப்பியை தாக்கி கொஞ்சம் கொஞ்சமா அழிச்சிடும். அழிஞ்ச சுரப்பிக்கு எவ்வளவு நல்ல சாப்பாடு குடுத்தாலும் அது எதை வெச்சு சுரக்கும்? 1891ல இங்கிலாந்துல ஜார்ஜ் மர்ரேன்னு ஒரு டாக்டர் ஆட்டோட தைராய்டு சாறை 46 வயசு அம்மா ஒருத்தங்களுக்கு ஊசியா போட்டாரு, அவங்க நோய் முத்தி முகமெல்லாம் உப்பிப் போயிருந்தவங்க, அந்த சிகிச்சையால 74 வயசு வரைக்கும் இருந்தாங்க. அதுக்கு முன்னாடி இந்த நோய் முத்தினவங்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைச்சிருக்கலாம், ஆனா உடம்புல இல்லாத ஹார்மோனை ஏறக்குறைய யாரும் குடுக்கல. நம்ம மாத்திரை அந்த ஹார்மோன்தான், வேற ஏதோ புது கெமிக்கல் இல்ல.

அப்போ சாப்பாட்டாலயே சரியாயிடுச்சுன்னு சொல்றவங்க எல்லாம் பொய் சொல்றாங்களான்னு கேட்டா, இல்லங்க, பெரும்பாலும் அவங்க உண்மையாதான் சொல்றாங்க. டிஎஸ்எச் மட்டும் லேசா ஏறி டி4, அதாவது தைராக்ஸின், அளவு சரியா இருக்கிற ஒரு நிலை இருக்கு, அதுல நிறைய பேருக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப டெஸ்ட் எடுத்தா எதுவும் செய்யாமலே நார்மல் ஆயிருக்கும். குழந்தை பிறந்த பிறகு வர்ற தைராய்டு பிரச்சனையும் பல பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள தானா சரியாகும். அந்த நேரத்துல அவங்க ஏதாவது ஜூஸ் குடிச்சிட்டிருந்தா பேரு ஜூஸுக்கு போயிடும். அதை சுரப்பி அழிஞ்சுபோன ஒருத்தர் கேட்டு மாத்திரையை நிறுத்தினா என்ன ஆகும்? ரொம்ப நாள் கவனிக்காம விட்டா உடம்பு சூடு இறங்கி நினைவு தப்பி உயிருக்கே ஆபத்தாகிற நிலை வரைக்கும் போகும், அபூர்வம்தான், ஆனா போகும்.

இனிமே பழக்கவழக்கத்துக்கு வர்றேன், ஏன்னா அதுக்கு பலனே இல்லன்னு நான் சொல்ல வரல, எனக்கு அது ரொம்பவே உதவுச்சு. ஆனா என் அனுபவத்துல முதல்ல மாத்த வேண்டிய பழக்கம் மாத்திரையை எப்படி போடுறோம்ங்கிறதுதான். நான் வருஷக்கணக்கா காபியோட சேர்த்து முழுங்கிட்டிருந்தேன், யாரும் சொல்லல, நானும் கேக்கல. வெறும் வயித்துல வெறும் தண்ணியில போட்டுட்டு அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான் காபியோ சாப்பாடோ. காலைல முடியாதவங்க ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரமாவது கழிச்சு படுக்கும்போது போடலாம், அதை டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணிக்கலாம், எந்த நேரமா இருந்தாலும் தினமும் அதே நேரம்ங்கிறதுதான் முக்கியம். கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இருந்தா நாலு மணி நேரம் இடைவெளி வேணும், அசிடிட்டி மருந்து போடுறவங்களும் டாக்டர்கிட்ட சொல்லிடணும். இந்த ஒண்ணை மட்டும் ஒழுங்கு பண்ணினதுல என் டிஎஸ்எச் டோஸ் ஏத்தாமலே இறங்குச்சு. டோஸ் மாத்தினாலும் சரி பழக்கத்தை மாத்தினாலும் சரி, ஆறுல இருந்து எட்டு வாரம் கழிச்சுதான் ரத்தத்துல சரியான நம்பர் தெரியும், பத்தாவது நாளே போய் டெஸ்ட் எடுத்து மனசு உடையாதீங்க.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பத்தி எல்லாரும் பயமுறுத்துறாங்க. சமைச்சு சாதாரண அளவுல சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, அயோடின் போதாத உடம்புல, பச்சையா, தினமும் நிறைய சாப்பிட்டாதான் பிரச்சனை. நல்ல காயை தட்டுல இருந்து தூக்கிட்டு மலச்சிக்கலோட கஷ்டப்படுறவங்களை பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கு, ஏன்னா தைராய்டு கம்மியா இருக்கிறவங்களுக்கு நார்ச்சத்துதான் முதல்ல வேணும். சோயாவும் விஷம் இல்ல, மாத்திரை உடம்புல சேர்றதை அது தடுக்கும், அதனால மாத்திரை நேரத்துக்கு பக்கத்துல வேண்டாம், அவ்வளவுதான்.

அயோடின் விஷயத்துலதான் நிறைய பேரு தப்பு பண்றாங்க. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், அயோடின் சேர்த்த உப்பு சமையல்ல இருந்தாலே பெரும்பாலும் அது கிடைச்சிடும். அது இல்லன்னா சுரப்பிக்கு கச்சாப்பொருளே இல்ல, உண்மை. ஆனா கூடினா நல்லதுன்னு கடல்பாசி மாத்திரை வாங்கி முழுங்கினா ஹாஷிமோட்டோ இருக்கிறவங்களுக்கு சுரப்பு இன்னும் குறையலாம். செலினியமும் அப்படித்தான், டி4ஐ உடம்பு பயன்படுத்துற டி3 ஹார்மோனா மாத்துற என்சைமுக்கு அது தேவை, அதுக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் போதும், ஆனா தினமும் 400க்கு மேல போக ஆரம்பிச்சா முடி கொட்டும் நகம் உடையும்.

முடின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, இதை தயவுசெஞ்சு வெட்டாம போடுங்க. தைராய்டால முடி கொட்டுதுன்னு பயோட்டின்ங்கிற வைட்டமின் மாத்திரை சாப்பிடுறவங்க ரொம்ப பேரு. அந்த பயோட்டின் சில லேப் டெஸ்ட்ல குழப்பம் பண்ணி டிஎஸ்எச்சை கம்மியாவும் டி4ஐ அதிகமாவும் காட்டிடும், பார்க்கிற டாக்டர் தைராய்டு அதிகமா இருக்குன்னு நினைச்சு டோஸை குறைச்சிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியாவது அதை நிறுத்தணும், டாக்டர்கிட்டயும் சொல்லணும்.

எடை பத்தி நேர்மையா சொல்லணும்னா, தைராய்டால மட்டும் ஏறுறது பெரும்பாலும் ரெண்டுல இருந்து அஞ்சு கிலோவுக்குள்ளதான், அதுலயும் நிறைய பங்கு உடம்புல தேங்குற உப்பும் தண்ணியும். அதனால மாத்திரையால பதினஞ்சு கிலோ இறங்கும்னு எதிர்பார்க்கவும் வேண்டாம், மிச்சம் இறங்கலன்னு பட்டினி கிடக்கவும் வேண்டாம். நான் பத்து நிமிஷ நடையில ஆரம்பிச்சேன், அதுக்கு மேல அன்னைக்கு முடியல, டிஎஸ்எச் சரியாக ஆக நாற்பது நிமிஷம் வரைக்கும் வந்துச்சு, அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள் எடை தூக்குற பயிற்சி. மூட்டு வலியும் மந்தமும் குறைஞ்சது அதுலதான்னு உறுதியா சொல்வேன். அதே மாதிரி தூக்கம், ஒழுங்கா படுக்குற நாள்ல மறுநாள் தலை தெளிவா இருக்கு. மாத்திரை தர்ற தெம்பை பயன்படுத்திக்க இதெல்லாம் வேணும்.

கர்ப்பமா இருக்கிற பெண்கள் விஷயத்துல மட்டும் பொறுமை காட்ட முடியல எனக்கு. வயித்துல இருக்கிற குழந்தை முதல் மாசங்கள்ல அம்மாவோட தைராக்ஸினை நம்பித்தான் வளருது, அதோட மூளை வளர்ச்சியே அதுல இருக்கு, அதனாலதான் ஏற்கனவே மாத்திரை போடுறவங்களுக்கு கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே டோஸ் கூட்ட வேண்டி வரும். அந்த நேரத்துல ஒரு பொண்ணு அந்தக் கட்டுரையைப் படிச்சிட்டு மாத்திரையை விட்டா? இதை நினைச்சுதான் ராத்திரி எழுந்து உக்காந்து எழுதினேன்.

நான் கேக்குறது ஒண்ணுதான். தைராய்டு சாப்பாடு பத்தி அடுத்த தடவை எழுதும்போது அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல, டாக்டரை கேக்காம மாத்திரையை நிறுத்தக் கூடாது, கர்ப்பமானா உடனே டாக்டரை பார்க்கணும்னு ரெண்டு வரி போடுங்க. போன வாரக் கட்டுரைக்கும் அதை இந்த வாரமே போட்டா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
உங்க வாசகி ஒருத்தி