ஆலங்கட்டி மழையில் உடையும் கூரைகளையும் கணக்கில் எடுக்கக் கோரி மாவட்ட ஆட்சியருக்கு ஓசூர் வீட்டு உரிமையாளர்களின் மனு

அனுப்புநர்
மூக்கண்டப்பள்ளி பகுதி வீட்டு உரிமையாளர்கள்,
ஓசூர் மாநகராட்சி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் மற்றும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கிருஷ்ணகிரி.

பொருள்: ஆலங்கட்டி மழையால் சேதமடையும் சிமெண்ட் அட்டை மற்றும் ஓட்டுக் கூரை வீடுகளைக் கணக்கெடுக்கும் முறையை மாற்றி அமைத்து, நிவாரணம் கிடைக்க வழிசெய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் எல்லோர் சார்பாகவும் இதை எழுதும் நான் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் 31 ஆண்டுகள் லேத் இயந்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முன்பக்கம் இரண்டு அறை கான்கிரீட் வீடு. பின்பக்கம் வாடகைக்கு விட்டிருக்கும் மூன்று லைன் வீடுகள். அவற்றுக்குச் சிமெண்ட் அட்டைக் கூரை. ஓய்வூதியம் சொற்பம், அந்த மூன்று வாடகைதான் எங்கள் சாப்பாடு. எங்கள் பகுதியில் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். 1970களில் தொழிற்பேட்டை வந்தபிறகு வெளியூர்த் தொழிலாளர்கள் தங்குவதற்கென்று எழுந்த வீடுகள் இவை. அன்றைக்குக் கைக்கு எட்டியது அட்டைக் கூரைதான். பலரும் அதை இன்னும் மாற்றவில்லை, மாற்ற முடியவில்லை.

கடந்த சித்திரையில் ஒரு மாலை, நாலரை மணி இருக்கும். காலையிலிருந்து புழுக்கம் தாங்கவில்லை. தெற்கே தளிப் பக்கம் வானம் கறுத்து, அந்தக் கறுப்புக்குள் ஒரு பச்சை நிறம் தெரிந்தது. முதலில் காற்று. அதன் பிறகு யாரோ கூரை மீது ஜல்லி கொட்டுகிற மாதிரி சத்தம். முற்றத்தில் விழுந்தவை பெரும்பாலும் கோலிக்குண்டு அளவு, நடுநடுவே எலுமிச்சம்பழ அளவிலும் சில. நேரம் பார்த்தவர் பன்னிரண்டு நிமிடம் என்கிறார். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் என் மூன்று லைன் வீடுகளின் மேலிருந்த 26 அட்டைகளில் 19 உடைந்தன. சில இரண்டாகப் பிளந்தன. மற்றவற்றில் ஓட்டை. மறுநாள் காலை உள்ளே போய் நின்றால் சிமெண்ட் தரையெங்கும் வெளிச்சப் புள்ளிகள். குடியிருக்கும் அம்மா ஒருவர் வீட்டிலுள்ள அண்டா, குண்டா, தட்டு எல்லாவற்றையும் அந்தப் புள்ளிகளுக்கு நேராக வைத்துவிட்டு, அரிசி மூட்டையை மட்டும் கட்டிலின் மீது ஏற்றி அதன் மேல் குடை விரித்து வைத்திருந்தார்.

இனி நான் சொல்லப்போவதைப் படித்துத் தாங்கள் சிரிக்கலாம். மழை விட்டதும் பெரிய கட்டிகளாக நாலு பொறுக்கி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, டிபன் பாக்ஸில் போட்டு பிரிட்ஜின் மேல்தட்டில் வைத்தேன். நாளை அதிகாரி வந்து கேட்டால் காட்ட வேண்டுமே. ஆனால் மழையோடு போன மின்சாரம் மறுநாள் மதியம்தான் வந்தது. அதிகாரி வந்தது மூன்றாம் நாள். டிபன் பாக்ஸில் அரை டம்ளர் தண்ணீர்தான் மிச்சம்.

வந்த அலுவலரைக் குறை சொல்லமாட்டேன். பொறுமையாக எல்லா வீட்டையும் பார்த்தார். ஆனால் அவர் வருவதற்குள் நாங்கள் கடன் வாங்கித் தார்ப்பாய் கட்டிவிட்டோம், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்காரர் அட்டையையே மாற்றிவிட்டார். தார்ப்பாயைப் பிரித்து ஏறிப் பார்க்கச் சொல்லி அவரை எப்படிக் கேட்பது? சுவரைப் பார்த்தார், சுவர் நன்றாக இருந்தது. அன்றைக்குப் பதிவான மழை அளவையும் சொன்னார்: மிகக் குறைவு. ஆலங்கட்டி மழை ஒரு குறுகிய பட்டையாகத்தான் அடித்துக்கொண்டு போகும். எங்கள் தெருவில் கூரை உடைந்த அதே நேரத்தில் ரயில் நிலையத்துப் பக்கம் நாலு துளி விழுந்ததோடு சரி. மழைமானி இருந்த இடம் அந்தப் பட்டைக்கு வெளியே. கடைசியில் எங்கள் வீடுகள் “15 விழுக்காட்டுக்கும் குறைந்த சேதம்” என்று எழுதப்பட்டன. எனக்கு அட்டை, கொக்கி, ஆள்கூலி எல்லாம் சேர்த்து 29,400 ரூபாய் செலவு. நிவாரணம் ஒன்றுமில்லை.

இந்த 15 விழுக்காடு பற்றித்தான் தங்களிடம் பேச வந்திருக்கிறோம்.

மாநிலப் பேரிடர் மீட்பு நிதியிலிருந்து உதவி பெறத்தக்க பேரிடர்களின் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம் ஆகியவற்றோடு ஆலங்கட்டி மழையும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ஒன்றிய அரசு வகுத்த நெறிமுறையின்படி, சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000 ரூபாய். பகுதி சேதமென்றால் பக்கா வீட்டுக்கு, அதாவது உறுதியான கட்டுமான வீட்டுக்கு 6,500 ரூபாய், உறுதி குறைந்த கச்சா வீட்டுக்கு 4,000 ரூபாய். ஆனால் சேதம் குறைந்தது 15 விழுக்காடு இருக்க வேண்டும். பணமும் விதியும் இருக்கின்றன. ஆனால் அந்த விதி வெள்ளத்தையும் புயலையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது போலிருக்கிறது. வெள்ளம் சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும். 2024 டிசம்பரில் ஊத்தங்கரை மூழ்கியபோது எந்த வீட்டில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதைச் சுவரே சொல்லியது. புயல் மரத்தைச் சாய்த்துப் போட்டுவிட்டுப் போகும். ஆலங்கட்டியோ அடித்த சுவடு தெரியாமல் தன்னையே மறைத்துக்கொள்கிற கல். அரை மணி நேரத்தில் கரைந்து, சாக்கடையோடு போய்விடுகிறது. சுவர், கதவு, தரை எதையும் அது தொடுவதில்லை. வீட்டை மொத்தமாக எடுத்து விழுக்காடு போட்டால் கூரை எப்போதும் தோற்றுத்தான் போகும். ஆனால் கூரை போன வீட்டில் நாலு சுவரும் நன்றாக இருந்து யாருக்கு என்ன பயன்?

எங்கள் முதல் கோரிக்கை இதுதான்: அட்டை, ஓடு, தகரக் கூரை வீடுகளில் ஆலங்கட்டி சேதத்தைக் கூரையின் பரப்பை மட்டும் வைத்து அளக்குமாறு வருவாய்த் துறையினருக்கு அறிவுறுத்த வேண்டும். அட்டைகளை எண்ணுவது எளிது. மொத்தம் எத்தனை, உடைந்தது எத்தனை என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அப்படி அறிவுறுத்தும் அதிகாரம் மாவட்ட அளவில் இல்லையென்றால், இம்மனுவைத் தங்கள் பரிந்துரையுடன் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறைக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம். சில பேரிடர்களில் தமிழ்நாடு அரசு நெறிமுறைத் தொகைக்கு மேலாகவே உதவி வழங்கியிருக்கிறது. விளக்கம் கேட்டு எழுதினால் கிடைக்கும் என்றே நம்புகிறோம்.

அடுத்தது சாட்சியம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டியால் பயிர் சேதமானால், காப்பீடு செய்த விவசாயி 72 மணி நேரத்துக்குள் தெரிவித்துவிட வேண்டும். செல்பேசி வழியாகவே தெரிவிக்கலாம். அவருடைய வயலைத் தனியாக வந்து பார்க்கிறார்கள். பக்கத்து வயல் தப்பியது என்பதற்காக இவருக்கு இல்லை என்று சொல்வதில்லை. ஆலங்கட்டி ஒரு வயலை அடித்து அடுத்த வயலை விட்டுவிடும் என்பதை அந்தத் திட்டத்தை எழுதியவர்கள் தெரிந்து வைத்திருக்கிறார்கள். தக்காளிக்கும் ராகிக்கும் தெரிந்த இந்த நியாயம் வீட்டுக்கும் வேண்டும். விவசாயிகள் மீது எங்களுக்குப் பொறாமை இல்லை, எங்களில் பாதிப்பேர் அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்தாம். 1077 என்ற பேரிடர் எண்ணுக்கு அழைத்துச் சொன்னால் பதிவு எண் ஒன்று தரவேண்டும். நாளும் நேரமும் தெரியும்படி செல்பேசியில் எடுத்த படங்களைச் சாட்சியமாக ஏற்க வேண்டும். அதற்குப் பிறகு குடும்பங்கள் தார்ப்பாய் கட்டினாலும் அட்டை மாற்றினாலும், அதைக் காரணம் காட்டி மனுவைத் தள்ளக்கூடாது. நனைந்துகொண்டே அதிகாரிக்காகக் காத்திருந்தவருக்கு நிவாரணம், பிள்ளை நனையக்கூடாதென்று சரிசெய்துகொண்டவருக்கு இல்லை என்பது என்ன நியாயம்?

இன்னொன்று, எனக்குக் காட்டப்பட்ட சேத விவரப் படிவத்தில் ஆலங்கட்டி என்று தனியாக ஒரு கட்டம் இல்லை, “கனமழை” என்றுதான் எழுதினார்கள். எங்கள் தெருவில் கன்னடம் பேசுகிறவர்கள் இதை ஆலிகல்லு என்பார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் வடகண்ட்லு என்பார்கள். மூன்று மொழியிலும் பெயர் இருக்கிற ஒன்றுக்குப் படிவத்திலும் ஒரு வரி இருக்கட்டும். கனமழை என்று எழுதினால் மழைமானியைப் பார்ப்பார்கள், மழைமானியோ எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

ஓசூரில் இது எப்போதோ ஒருமுறை நடக்கிற அதிசயம் இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். பங்குனி முதல் வைகாசி வரை வெயில் ஏறி மாலையில் இடி மேகம் திரளும். மேகத்துக்குள் நீர் உறையும் மட்டம் மிக உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழும் கட்டி வெப்பக் காற்றில் கரைந்துகொண்டேதான் வரும். தாழ்ந்த ஊர்களில் பெரும்பாலும் தண்ணீராகவே தரை சேர்ந்துவிடும், எங்கள் ஊரில் அந்த வழி சற்றுக் குறைவு. தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், தளிப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் அவரவர் பார்த்த கல்மழையைக் கதை கதையாகச் சொல்வார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன்படி மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் திருத்தியமைக்க வேண்டும். அடுத்த திருத்தத்தில் ஓசூர் மாநகராட்சிக்கு ஆலங்கட்டியைத் தனி இடராகச் சேர்த்து, பங்குனி பிறப்பதற்கு முன்பே வார்டு அலுவலகங்களில் தார்ப்பாய் இருப்பு வைத்துவிட வேண்டும். அன்றைக்கு இரவு எங்கள் பகுதிக் கடைகளில் தார்ப்பாய் தீர்ந்துபோய், பேனர் துணியைக் கட்டிப் படுத்தவர்கள் உண்டு.

உடைந்த அட்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய சிமெண்ட் அட்டையில் இருப்பது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்). உடைபட்டால் தூசியாகப் பறக்கும், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோயும் வரும். எங்கள் தெருவிலோ உடைந்த துண்டுகளை விளக்குமாறால் கூட்டி, சிமெண்ட் சாக்கில் கட்டி ஏரிக்கரையோரம் போட்டோம். பிள்ளைகள் அதில் ஏறி விளையாடினார்கள். தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு எடுக்க வேண்டும், உலர்ந்த நிலையில் கூட்டக் கூடாது என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. மழைக்கு அடுத்த நாள் மாநகராட்சி வண்டி வந்து இதைத் தனியாக எடுத்துச் சென்றால் போதும்.

கான்கிரீட் வீட்டுக்காரர்களும் தப்பவில்லை. மொட்டை மாடி வடிகுழாயில் கட்டிகள் அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கி, மாடிப்படி வழியாக உள்ளே இறங்கியது. சூரிய ஒளி வெந்நீர்க் கருவிகளின் கண்ணாடிக் குழாய்கள் நொறுங்கின. சூரிய மின் தகடுகளுக்கு 25 மில்லிமீட்டர் பனிக்கட்டியை விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அடித்துப் பார்க்கும் பன்னாட்டுத் தரச் சோதனை இருக்கிறது என்று படித்தேன். புது அட்டை வாங்கப் போனபோது, இதற்கும் அப்படி ஏதாவது சோதனை உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எத்தனை அடி வேண்டும், அதைச் சொல்லுங்கள்” என்றார்.

நிரந்தரத் தீர்வு கூரையை மாற்றுவதுதான் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. கலைஞரின் கனவு இல்லம் போன்ற திட்டங்கள் ஊராட்சிப் பகுதிகளுக்கானவை. ஊராட்சியாக இருந்த மூக்கண்டப்பள்ளி நகராட்சியோடு சேர்ந்து, 2019-இல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. வரி மாநகரத்துக்குரியதாகிவிட்டது, கூரை இன்னும் ஊராட்சிக் காலத்துக் கூரைதான். நகர்ப்புறத்திலுள்ள பழைய அட்டைக் கூரை வீடுகளுக்குக் குறைந்த வட்டியில் கூரை மாற்றும் கடன் ஒன்றுக்குக் கூட்டுறவு வங்கிகள் வழியே ஏற்பாடு செய்ய முடியுமா என்று தாங்கள் பரிசீலிக்க வேண்டும். இலவசமாகக் கேட்கவில்லை, வாடகை வருகிறது, மாதத் தவணை கட்டிவிடுவோம்.

சேதமடைந்த 64 வீடுகளின் உரிமையாளர்கள் கையொப்பம், வீடுவாரியாக அட்டைக் கணக்கு, சேதப் படங்கள், செலவு ரசீதுகளின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறோம். நாலு கட்டிகளும் ஸ்கேலும் உள்ள படமும் அதில் இருக்கிறது. இந்த 64 வீடுகளின் மனுக்களை மறு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும்படியும், எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். நேரில் ஆய்வுக்கு யாரை அனுப்பினாலும் ஏணி எங்களிடம் இருக்கிறது. தார்ப்பாயை அவிழ்த்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூக்கண்டப்பள்ளி பகுதி வீட்டு உரிமையாளர்கள்

இடம்: ஓசூர்